மேல்தளத்துத் தண்ணீர் எங்கே போக வேண்டும்?

கேள்வி: வேம்பாரில் நண்டு வலையும் வழிவலையும் வைத்துத் தொழில் செய்கிறேன். 28 அடி பைபர் வள்ளம் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கரையேற்றி வைத்திருக்கிறேன். உள்எஞ்சின். வெளி ஓடு நன்றாக இருக்கிறது. மேல்தளம் மட்டும் பின்பக்கம் இரண்டு இடத்தில் மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது. தளம் 16 அடி நீளம், 6 அடி அகலம். சுற்றி ஒன்றரை அடி ஓரச்சுவர். தண்ணீர் போகப் பின் மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். அலை ஏறினால் தண்ணீர் வடிய வெகுநேரம் ஆகும் என்று பழைய உரிமையாளரே சொன்னார். மேஸ்திரி ஓட்டைகளைப் பெரிதாக்கி பி.வி.சி. குழாய் வைக்கலாம் என்கிறார். கூட்டாளி, ஓட்டையே வேண்டாம், எல்லாத் தண்ணீரையும் உள்ளே இறக்கி மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்கிறார். பழைய உரிமையாளர் ஐஸும் வலையும் ஏற்றிய பிறகு ஓட்டைகளில் கட்டை அடித்து வைப்பாராம், இல்லாவிட்டால் தண்ணீர் மேலே ஏறுமாம். எது சரி? எத்தனை ஓட்டை, என்ன அளவு?
— வாசகர், வேம்பார்

பதில்: மிக முக்கியமான செய்தியை நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஓட்டையில் கட்டை அடித்தார் என்பதுதான் அது. சுமை ஏறியதும் உங்கள் வள்ளத்தின் தளம், பின்பக்கத்திலாவது, கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது என்று அந்தக் கட்டை சொல்கிறது. தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது ஓட்டையைப் பெரிதாக்கினால் உள்ளே வரும் தண்ணீர்தான் பெரிதாகும். ஆகவே ஓட்டையின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தளத்தின் உயரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் ஏறும் தண்ணீர் பேட்டரியோ ஆளோ இல்லாமல் தன் எடையாலேயே, ஏறிய வேகத்துக்குச் சற்றும் குறையாமல், நேரே கடலுக்குத் திரும்ப வேண்டும். படகின் உள்ளே ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. மோட்டார், வால்வு, கட்டை எல்லாம் இதற்குத் துணை நிற்பவை. இதற்கு மாற்றாக அவற்றை வைத்தால், ஒரு நாள் உயிரைக் கேட்கும்.

தளத்துத் தண்ணீரின் எடை

உங்கள் தளம் ஏறக்குறைய 9 சதுர மீட்டர். அதில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 1,350 லிட்டர். கடல் நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் எடை 1,380 கிலோவை நெருங்கும். இருபது ஆட்கள் ஒரே நேரத்தில் உங்கள் வள்ளத்தில் ஏறி நிற்பதற்குச் சமம். ஓரச்சுவரின் விளிம்பு வரை நின்றால் நான்கு டன்னைத் தாண்டும்.

எடை மட்டும் என்றால் படகு சற்று அமிழும், அவ்வளவுதான். ஆனால் இந்த எடை ஓரிடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் எல்லாத் தண்ணீரும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். நிமிர வேண்டிய நேரத்தில் படகை நிமிரவிடாமல் பிடித்து வைக்கும். இந்தக் கேடு தளத்தின் அகலத்தைப் பொறுத்து மிக வேகமாக வளர்கிறது. நீளம் அதே இருக்க அகலம் இரு மடங்கானால் பாதிப்பு எட்டு மடங்காகும். அதே கணக்குப்படி, தளத்தை நடுவில் நீளவாக்கில் பலகை வைத்து இரண்டாகத் தடுத்தால் பாதிப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். பலகையின் அடியில் தண்ணீர் போக இடைவெளி விட்டால் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பக்கம் மாறுவதைத் தடுத்து, உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும்.

ஓர் அலை ஏறினால் படகு தாழும். தாழ்ந்த படகில் அடுத்த அலை எளிதாக ஏறும். இரண்டு அலைகளுக்கு இடையே தளம் எவ்வளவு காலியாகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வேலை: நான்கு அளவுகள்

பொருள் வாங்கும் முன், மேஸ்திரியைக் கூப்பிடும் முன், வள்ளத்தை ஒரு முறை தண்ணீரில் இறக்குங்கள். ஓட்டைகளில் கட்டை அடித்தே இறக்குங்கள். தொழிலுக்குப் போகும்போது என்னென்ன ஏற்றுவீர்களோ எல்லாவற்றையும் ஏற்றுங்கள்: நிறைந்த டீசல் தொட்டி, ஐஸ், குடிதண்ணீர், ஆட்கள், நனைந்த வலை. காய்ந்த வலையை வைத்துப் பார்த்தால் கணக்கு பொய்க்கும். மீனுக்குப் பதில் மணல் மூட்டைகளை, மீன் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். நல்ல பாடு கிடைக்கும் நாளின் எடையை வைக்க வேண்டும். மீன் நிறைந்து திரும்பும் நாளில்தான் படகு மிகத் தாழ்ந்திருக்கும்.

இனி அளப்பது எளிது. ஓரச்சுவரின் மேல் விளிம்பிலிருந்து வெளியே கடல் மட்டம் வரை அளவெடுங்கள். அதே இடத்தில் விளிம்பிலிருந்து உள்ளே தளம் வரை அளவெடுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது, கடல் மட்டத்துக்கு மேலே தளம் இருக்கும் உயரம். வெளியே 62 செ.மீ., உள்ளே 45 செ.மீ. என்றால் தளம் 17 செ.மீ. மேலே இருக்கிறது. வெளி அளவு உள் அளவைவிடக் குறைவாக வந்தால் தளம் கடலுக்குக் கீழே இருக்கிறது. பின் மூலைகள் இரண்டிலும், நடுப்பகுதியின் இரு பக்கத்திலும், ஆக நான்கு இடத்தில் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஓடும்போது எஞ்சின் தள்ளும் வேகத்தில் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

முழுச் சுமையில் கிடைக்கும் உயரத்தை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். 15 செ.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் நிலைமை நல்லது. ஓரச்சுவரில் அகலமான தண்ணீர் வாசல்கள் வைக்கலாம். 5 முதல் 15 செ.மீ. வரை இருந்தால் தளத்தை உயர்த்துவது நல்லது. முடியாவிட்டால் வெளிப்பக்கம் மூடி உள்ள வழிகள் கட்டாயம். 5 செ.மீ.க்குக் குறைந்தால் இந்தத் தளம் தானாக வடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

தளம் தாழ்ந்திருந்தால்

உங்கள் வள்ளம் பின்பக்கத்தில் மூன்றாவது வகையில் வரும் என்று அந்தக் கட்டையை வைத்து ஊகிக்கிறேன். கவலைப்பட வேண்டாம். தளத்தின் பலகை உளுத்திருப்பதால் அந்தப் பகுதியை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள். உயரத்தைத் திருத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

முதலில் சுமையை நகர்த்திப் பாருங்கள். ஐஸ் பெட்டி பின்னால் இருந்தால் அணியத்தின் பக்கம் கொண்டுபோங்கள். டீசல் தொட்டியையும் அப்படியே. செலவில்லாமல் பின்பக்கம் சில செ.மீ. எழும்பும். அணியம் தாழ்ந்துவிடாமல் நிதானமாக நகர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள்.

அது போதாவிட்டால் தளத்தை உயர்த்துங்கள். 10 செ.மீ. உயர்த்தினால்கூட நிலைமை மாறிவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆளும் வலையும் மீனும் அந்த 10 செ.மீ. மேலே போவதால் படகின் ஆட்டம் கூடும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு செ.மீ. கூட உயர்த்தாதீர்கள், புதுத் தளத்தை முடிந்தவரை எடை குறைவாகக் கட்டுங்கள். ஒன்றரை அடி ஓரச்சுவர் உள்ளேயிருந்து பார்க்க ஒரு அடிக்குச் சற்று அதிகமாகத்தான் தெரியும். வலை இழுக்கும் ஆள் முழங்காலுக்குக் கீழே சுவர் இருந்தால் தடுமாறி விழுவார். சுவரின் மேல் துருப்பிடிக்காத எஃகுக் குழாயால் கைப்பிடி வைத்து அந்த உயரத்தை ஈடுகட்டுங்கள். தண்ணீர் அதன் அடியில் தாராளமாக வெளியேறும்.

இரண்டும் முடியாத படகுகள் உண்டு. அப்படியானால் ஓட்டைகளை நிரந்தரமாக அடைத்துவிட்டு, அதைத் திறந்த படகாகவே நடத்த வேண்டும். அணியத்தில் அலை ஏறாதபடி மூடிய தளம், தண்ணீர் புகாத தனி அறைகள், நுண்ணறைகள் மூடிய பாலியூரித்தேன் நுரை, மின் பம்புடன் கைப் பம்பு ஆகியவை அதற்குக் கட்டாயம். சாதாரண தெர்மோகோலை வைக்காதீர்கள்; பெட்ரோலும் பாலியெஸ்டர் பிசினும் பட்டால் அது கரைந்துபோகும்.

வழி ஒன்று: ஓரச்சுவரில் தண்ணீர் வாசல்

உயரம் சரியாகிவிட்டால் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வது இதைத்தான். தளத்தின் மட்டத்திலேயே ஓரச்சுவரின் அடியில் நீள்சதுரமாக வெட்டிய வாசல்கள். ஏன் என்பதைக் கணக்கு சொல்லும்.

தளத்தில் 15 செ.மீ. தண்ணீர் நிற்கிறது, அதாவது 1,350 லிட்டர் என்று வையுங்கள். இப்போதுள்ள ஓர் அங்குல ஓட்டை ஒன்று தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர்தான் வெளியேற்றும். தண்ணீர் குறையக் குறைய ஓட்டமும் மெலியும். இரண்டு ஓட்டைகளும் அடைப்பில்லாமல் வேலை செய்தாலும் தளம் காலியாக முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு அங்குல ஓட்டை என்றால் விட்டம்தான் இரு மடங்கு; பரப்பு நான்கு மடங்கு. அது நிமிடத்துக்கு 120 லிட்டர் தள்ளும். அப்படி நான்கு வைத்தால் ஐந்தாறு நிமிடம். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரத்தில் பக்கத்துக்கு இரண்டு வாசல் வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே போய்விடும். அலையில் ஆடும் படகில் இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் முக்கால் மணி நேரத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் உள்ள தூரம் அழியாது.

எவ்வளவு வெட்டுவது? ஒரு பக்க ஓரச்சுவரின் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் வாசல் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் சுவருக்கு அது மேலே சொன்ன இரண்டு வாசல்களுக்குச் சரியாக வரும். எல்லாமே சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். நீளவாக்கில் பார்த்தால், தளம் தாழ்ந்திருக்கும் பகுதியில்தான் தண்ணீர் சேரும் என்பதால் வாசல்களின் பெரும்பகுதி அங்கேதான் இருக்க வேண்டும். பெரிய கப்பல்களுக்கான 1966-ஆம் ஆண்டு உலகச் சுமைக்கோட்டு உடன்படிக்கையும் மூன்றில் இரண்டு பங்கை ஓரம் தாழ்ந்திருக்கும் பாதியில் வைக்கச் சொல்கிறது. உங்களுக்குப் பின் மூலையில் ஒன்று, நடுவுக்குச் சற்றுப் பின்னால் ஒன்று என இரு பக்கமும் வையுங்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரண்டு வாசல் வேலை செய்யும்.

வெட்டும்போது மூன்று விஷயங்களில் கவனம். சுவரின் மேல் விளிம்பு ஓரிடத்திலும் அறுபடக் கூடாது. படகின் பலத்தில் அதற்குப் பங்கு உண்டு. உள்ளே குறுக்குத் தாங்கி இருக்கும் இடத்தை விட்டு வெட்டுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள். கூர் மூலையிலிருந்துதான் பைபரில் விரிசல் கிளம்பும். வெட்டிய விளிம்பு முழுவதையும் மணல்தாள் போட்டு, கண்ணாடி இழைப் பாய் வைத்துப் பிசின் பூசி மூடுங்கள்.

வாசலுக்கு வெளியே மூடி தேவை. மேல் விளிம்பில் கீல் வைத்து, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி தொங்கவிடுங்கள். கெட்டியான ரப்பர் தகடே போதும்; துருப்பிடிக்காத எஃகுக் கீல் என்றால் 316 ரகம் வாங்குங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் தள்ளினால் திறக்க வேண்டும். வெளியே அலை அடித்தால் மூட வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் வைக்கவே கூடாது. மீன் நழுவுகிறது, நண்டு போகிறது என்று தாழ்ப்பாள் போட்டு வைத்த வாசல், அலை ஏறும் இரவில் சுவராகிவிடும். மீன் போகாமல் இருக்க நான்கைந்து செ.மீ. இடைவெளியில் செங்குத்தாக எஃகுக் கம்பிகள் வையுங்கள். வலைத்துண்டு கட்டாதீர்கள்; செதிலும் நூலும் பாசியும் சேர்ந்து ஒரே பாட்டில் அதை அடைத்துவிடும்.

வழி இரண்டு: தளத்திலிருந்து வெளியே போகும் குழாய்

உங்கள் மேஸ்திரி சொல்வது இது. வாசல்களுக்குத் துணையாக, மூலையில் கடைசியாக நிற்கும் கொஞ்சத் தண்ணீரை வடிக்க, இது நல்ல வழி. இதை மட்டுமே நம்பினால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், பக்கத்துக்கு இரண்டாவது வேண்டும்.

பி.வி.சி. குழாய்க்கு நான் உடன்பட மாட்டேன். வீட்டுக்கு அது நல்ல பொருள். படகில் தளம் ஒரு பக்கம் நெளியும், ஓடு மறுபக்கம் அதிரும். எஞ்சின் நாள் முழுக்க நடுங்கும். ஒட்டிய மூட்டு ஒரு நாள் விடும். வெயில் பட்ட இடத்தில் குழாய் மொறுமொறுப்பாகும். அது உடைவது தளத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மேலே தண்ணீர் ஒழுங்காக வடிவதாகத் தோன்றும். உண்மையில் அது உள்ளே இறங்கிக் கொண்டிருக்கும்.

பைபர் வள்ளத்துக்குப் பைபர் குழாயே பொருத்தம். தளத்தோடும் வெளி ஓட்டோடும் குழாயைச் சேர்த்துப் பாய் வைத்து ஒட்டிவிட்டால் எல்லாம் ஒரே உடலாகிவிடும். அது முடியாத இடத்தில் நூல் பின்னிய கடல்தர ரப்பர் குழாய் வைத்து, ஒவ்வொரு முனையிலும் இரண்டு 316 எஃகுக் கிளிப் போட்டு இறுக்குங்கள். வெளி முகப்புக்கு வெண்கலம் அல்லது கடல்தர நைலான் நல்லது. பித்தளை வேண்டாம், கடல் நீரில் அதிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய், தட்டினால் உதிரும்.

குழாய் குட்டையாக, நேராக, முழுதும் சரிவாகப் போக வேண்டும். நடுவில் தொங்கும் இடம் இருந்தால் அங்கே சேறும் செதிலும் தங்கும். வளைமூட்டு வைத்தால் ஈர்க்குச்சியோ கம்பியோ விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. இரண்டு குழாய்களை ஒரே வாயில் இணைக்காதீர்கள். ஓர் அடைப்பு இரண்டையும் கொல்லும். வெளிவாய் முழுச் சுமையிலும் கடல் மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். வேறு வழியின்றிக் கீழே போனால், ஓட்டின் மீதே கைக்கு எட்டும்படி வால்வு வையுங்கள். பழைய உரிமையாளரின் கட்டைக்கு இங்கே நியாயமான இடம் உண்டு. கூம்பாகச் சீவிய மென்மரக் கட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயின் அருகிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் உடைந்தால் அடிக்க அது உதவும்.

வழி மூன்று: உள்ளே இறக்கி இறைப்பது

உங்கள் கூட்டாளியின் யோசனை கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதை முற்றாக விட்டுவிடச் சொல்லுங்கள். மணிக்கு 2,000 காலன் என்று அட்டையில் போட்டிருக்கும் 12 வோல்ட் பம்பு நிமிடத்துக்கு 126 லிட்டர்தான் இறைக்கும். அதுவும் தண்ணீரை மேலே தூக்காமல், வளைவில்லாத குழாயில். படகில் பொருத்தியபின் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறையும். இரண்டு அங்குல ஓட்டை ஒன்று அதே வேலையை மின்சாரமில்லாமல் செய்கிறது என்று மேலே பார்த்தோம்.

தளத்துத் தண்ணீரை உள்ளே விட்டால் அது எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் அருகில் போகும். செதில், நூல், ஐஸ் பெட்டியின் சளிநீர், எண்ணெய் எல்லாம் சேர்ந்து பம்பின் வாயை அடைக்கும். பேட்டரி முங்கினால் பம்பு நிற்கும். பம்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் இது நடக்கும். எண்ணெய் கலந்த தண்ணீரைக் கடலில் கொட்டுவது உங்கள் மீனுக்கும் கேடு.

பம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிப்பள்ளத்தில் கசியும் தண்ணீருக்கு மிதவை சுவிட்சுடன் ஒரு மின் பம்பு, பேட்டரி செத்தாலும் இயங்க ஒரு கைப் பம்பு, இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். ஐஸ் உருகும் தண்ணீரையும் அடிப்பள்ளத்தில் விடாமல் தனிக் குழியில் சேர்த்து இறையுங்கள்.

கரையில் கட்டிய படகுக்கும் இதே விதிதான். 2023 டிசம்பர் 17, 18-இல் உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. உங்கள் தளத்தில் மட்டும் அந்த மழை எட்டு டன் தண்ணீரைக் கொட்டியிருக்கும். ஆளில்லாத படகில் பம்பு பேட்டரி தீரும் வரைதான் ஓடும். திறந்த வாசல் மழை நிற்கும் வரை வேலை செய்யும்.

உளுத்த பலகையும் ஓட்டையின் ஓரமும்

தளம் ஓட்டைகளின் அருகில் அமுங்குவது தற்செயல் அல்ல. இரண்டு பைபர் தோலுக்கு நடுவில் பிளைவுட் இருக்கிறது. ஓட்டை போட்டவர் அந்த வெட்டு முகத்தை மூடாமல் விட்டிருப்பார். வருடக்கணக்கில் அதன் வழியே தண்ணீர் ஏறிப் பலகையைத் தின்றிருக்கிறது. சுத்தியின் பிடியால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். மந்தமான எல்லையைத் தாண்டி ஒரு சாண் கூடுதலாகவே பிரியுங்கள்.

புதிதாக வைக்கும் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல்தரப் பிளைவுட் மட்டும் வாங்குங்கள். பிசின் பூசும் முன் எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வாடைக்காற்றும் மழையுமான மாதங்களில் இந்த வேலையை வைக்காதீர்கள். எந்தத் துளை போட்டாலும் முதலில் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, சுற்றியுள்ள பலகையைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் நிரப்புங்கள். அது இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். அப்போது துளையின் சுவர் முழுவதும் எபாக்சி. தண்ணீருக்குப் பலகை கிடைக்காது. பழைய பாலியெஸ்டர் மீது எபாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சியின் மீது பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எபாக்சியில் தொடங்கிய வேலையை எபாக்சியிலேயே முடித்துவிடுங்கள். முகப்புகளை அமர்த்தப் பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள். குளியலறைக்குப் போடும் சிலிக்கான் இதற்கு ஆகாது.

தளத்தைப் புதிதாகப் போடும்போது சரிவையும் சேர்த்துவிடுங்கள். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் இறங்கினால் போதும். ஓரத்தில் ஆழம் குறைந்த வாய்க்கால் ஒன்று பின்னோக்கி ஓடட்டும். குழாய் முகப்பின் விளிம்பு தளத்தைவிட மூன்று நான்கு மி.மீ. உயர்ந்து நின்றாலும் அதைச் சுற்றி எப்போதும் தண்ணீர் தேங்கும். அதனால் முகப்பு உட்காரும் இடத்தை அந்த அளவுக்குக் குழித்துவிடுங்கள்.

எஞ்சின் அறை மூடியையும் மீன் அறை மூடியையும் மறந்துவிடாதீர்கள். வாசல்கள் ஒரு நிமிடத்தில் வடித்தாலும், அந்த நிமிடத்தில் மூடி வழியே எத்தனை குடம் இறங்கும்? ஒவ்வொரு மூடிக்கும் தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றுச் சட்டம், அதன் மேல் ரப்பர் பட்டை, இறுக்கும் கொக்கி வேண்டும். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழி ஓரச்சுவரின் விளிம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

சோதித்துப் பார்த்த பிறகே கடல்

வேலை முடிந்ததும் துறையில் கட்டி வைத்து, சுமை ஏற்றி, 200 லிட்டர் டிரம் மூன்றைத் தளத்தில் வேகமாகக் கவிழ்த்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் வடிகிறது, எந்த மூலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களை ஒரு பக்கம் நிறுத்தி, படகு சாய்ந்த நிலையிலும் செய்யுங்கள். பிறகு மூடிகளைத் திறந்து அடிப்பள்ளத்தைப் பாருங்கள். அங்கே புதிதாக ஈரம் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. அமைதியான நாளில் கரையோரம் ஓட்டிப் பார்த்து, ஓட்டத்தில் பின் வாசல்கள் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் மூடிகளைக் கையால் அசைத்து, குழாய்களில் குச்சி விட்டுப் பாருங்கள். கரையேற்றும் போதெல்லாம் வெளிவாயில் படர்ந்த சிப்பியைச் சுரண்டுங்கள்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகத் தொழிலாளர் அமைப்பு, உலகக் கடல்சார் அமைப்பு மூன்றும் சேர்ந்து, 12 மீட்டருக்குக் குறைந்த, தளமுள்ள மீன்பிடிப் படகுகளுக்கும் தளமில்லாத படகுகளுக்கும் என்றே பாதுகாப்புப் பரிந்துரைகளை 2012-இல் வெளியிட்டன. உங்கள் வள்ளம் எட்டரை மீட்டர். அது உங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்ட வேலை. தளத்தை உயர்த்துவதாக முடிவு செய்தால், படகின் நிலைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியை ஒருமுறை அணுகுங்கள். மேஸ்திரியின் கைத்திறனும் அந்தக் கணக்கும் சேர்ந்தால் உங்களுக்கு முழுப் பலம்.

ஆகவே வரிசை இதுதான்: அளவு, உயரம், வாசல், மூடி, சோதனை. வள்ளத்தை இறக்கி அளந்ததும் அந்த நான்கு எண்களை எனக்கு எழுதுங்கள். பின் மூலைகள் இரண்டும், நடுப்பக்கம் இரண்டும். அவை கையில் இருந்தால், உங்கள் தளத்தை எவ்வளவு உயர்த்துவது, எங்கே வெட்டுவது என்று செ.மீ. கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவரை ரம்பத்தை எடுக்க வேண்டாம்.